ரோஷியா மொன்டானா: தங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ருமேனியாவின் மேற்கு மலைகளுக்குள் ஒரு சின்ன ஊராட்சி. மொத்த ஜனத்தொகையே நம் ஊரில் ஒரு பெரிய மேல்நிலைப்பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் அளவுதான் வரும். ஆனால் இந்த ஊரைக் காப்பாற்ற ருமேனியத் தலைநகரில் ஆயிரக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். இந்த ஊரை வைத்து ஒரு நாட்டின் மேல் சர்வதேச வழக்கும் நடந்தது. அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

இது கிராமமா, நகரமா? ‘முனிசிபாலிட்டி’ என்கிறார்களே?

ருமேனியாவில் புக்கரெஸ்ட் தலைநகரைத் தவிர 41 மாவட்டங்கள் உண்டு. மாவட்டத்துக்குள் பெரிய நகரம், சிறிய நகரம், கொமூனா என்று மூன்று வகை உள்ளாட்சிகள். கொமூனா என்பது கிராமப்புறத்துக்கானது. பல ஊர்களைச் சேர்த்து ஒரு மேயர், ஒரு மன்றம், நான்கு வருடத்துக்கு ஒரு தேர்தல். ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து இதை முனிசிபாலிட்டி என்று எழுதினால், நம் மனசில் பேருந்து நிலையமும் காய்கறி மார்க்கெட்டும் வந்துவிடும். ஊராட்சி என்பதுதான் பொருத்தம்.

ரோஷியா மொன்டானா கொமூனாவில் 16 ஊர்கள் இருக்கின்றன. தலைமை ஊரின் பெயரே கொமூனாவுக்கும். மற்றவற்றில் கோர்னா, குரா ரோஷியே, கர்பினிஷ், புந்தா, வர்தோப் போன்றவற்றைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஊர் என்றதும் தெருத் தெருவாக நினைக்க வேண்டாம். மலைச்சரிவில் இங்கே நாலு வீடு, அடுத்த மேட்டில் மூன்று வீடு, நடுவில் புல்வெளி. அதற்கும் ஒரு தனிப்பெயர் உண்டு.

சரியாக எங்கே இருக்கிறது?

திரான்சில்வேனியாவில், அல்பா மாவட்டத்தின் வடமேற்கு மூலையில். கார்பாத்திய மலைத்தொடரின் மேற்குக் கிளைக்கு அபுசேனி என்று பெயர். அதன் தெற்குப் பகுதியை ருமேனியர்கள் ‘உலோக மலைகள்’ என்றே அழைக்கிறார்கள். மாவட்டத் தலைநகரான அல்பா யூலியாவிலிருந்து ஸ்லாத்னா, அப்ருத் வழியாக மலைப்பாதையில் ஏற வேண்டும். அப்ருத்தான் பக்கத்து டவுன். சாமான் வாங்கவும், ஆபீஸ் காரியத்துக்கும் அங்கேதான் இறங்கிப் போவார்கள்.

முன்பு துர்தாவிலிருந்து அப்ருத் வரை குறுகிய பாதை ரயில் ஒன்று ஓடியது. 1912இல் திறந்தது, 1990களின் கடைசியில் நின்றுபோனது. இப்போது சுற்றுலாவுக்காக ஒரு துண்டுப் பாதையில் மட்டும் புகைவண்டி ஓட்டுகிறார்கள்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

‘ரோஷியா’ என்றால் சிவந்தது. ‘மொன்டானா’ மலையையும் சுரங்கத்தையும் குறிக்கிற சொல். பழைய ருமேனியப் பெயர் ரோஷியா அப்ருதுலுய், அதாவது அப்ருத்தைச் சேர்ந்த ரோஷியா. ஹங்கேரிய மொழியில் வெரேஷ்பதக், சிவப்பு ஓடை. ஜெர்மானியர் கோல்ட்பாக் என்றார்கள், தங்க ஓடை. ரோமானியர் காலத்தில் அல்புர்னுஸ் மையோர். ஒரு ஊருக்கு இத்தனை மொழிகளில் பெயர் இருந்தால், அத்தனை பேரும் அங்கே எதையோ தேடி வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஓடை நிஜமாகவே சிவப்பா?

நிஜம்தான். ஊர் வழியாக ஓடும் ரோஷியா ஓடையின் கற்கள் துருப்பிடித்த தகரம் மாதிரி செம்பழுப்பாக இருக்கும். இந்தப் பாறையில் தங்கத்தோடு கந்தகம் கலந்த இரும்புத் தாதுவும் இருக்கிறது. சுரங்கம் தோண்டியதும் அதன் மேல் காற்றும் தண்ணீரும் படுகிறது. கந்தகம் அமிலமாகிறது, இரும்பு கரைந்து தண்ணீரோடு வெளியே வந்து படிகிறது. கடல்மட்டத்திலிருந்து 714 மீட்டர் உயரத்தில் ஒரு வடிகால் சுரங்கவாய் இருக்கிறது. உயரத்தை வைத்தே ‘714’ என்று பெயர். சுரங்கம் மூடிய பிறகும் அந்த அமிலத் தண்ணீர் அதன் வழியாக வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த ஓடை அப்ருத் ஆற்றில் சேருகிறது, அது அரியேஷ் ஆற்றில், அது முரேஷில், அது திஸாவில், கடைசியில் டான்யூபில். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தங்கம் எப்படி இங்கே வந்தது?

ஒரு காலத்தில் இங்கே எரிமலைகள் இருந்தன. ஒரு கோடி வருடங்களுக்கும் முன்னால் நடந்த கதை. பாறை விரிசல்களுக்குள் கொதிக்கும் நீர் புகுந்து, ஆறும்போது தங்கத்தையும் வெள்ளியையும் விட்டுப்போனது. அதனால் இங்கே கிடைக்கும் தங்கம் வெள்ளி கலந்து வெளிறியே இருக்கும். சில இடங்களில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இழை இழையாகவும், இலை மாதிரியும் கிடைத்திருக்கிறது. மிச்சமெல்லாம் பாறைக்குள் தூள் தூளாகக் கலந்து கிடக்கிறது. கிர்னிக், சேதாதே, ஒர்லியா, ஜிக் ஆகிய நான்கு மலைகளும்தான் இதன் மையம்.

மலைமேல் இருக்கும் ஏரிகள் இயற்கையானவையா?

இல்லை, எல்லாமே மனிதர் கட்டியவை. உள்ளூர் சொல் ‘தௌ’. பெரிய ஏரி ‘தௌல் மாரே’. தவுல் என்று படித்துவிட்டு மேளம் எங்கே என்று தேடாதீர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில், ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் ஆட்சியில், இந்த ஏரிகளைக் கட்டினார்கள். மழைத் தண்ணீரையும் பனி உருகிய தண்ணீரையும் தேக்கி, பள்ளத்தாக்கில் வரிசையாக இருந்த தாது இடிக்கும் ஆலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். அந்த ஆலைக்கு ‘ஷ்தியாம்ப்’ என்று பெயர். பார்த்தால் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும்: நீர்ச்சக்கரம் சுற்றும்போது மர உலக்கைகள் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும், உலக்கை நுனியில் இரும்புப் பூண், கீழே உரல் மாதிரிப் பெட்டி, அதில் தாதுக்கல். நெல் குத்துவது போலக் கல் குத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இடித்த மாவைத் தண்ணீரில் கழுவி, ‘ஷைத்ரோக்’ என்னும் மர முறத்தில் போட்டு ஆட்டினால், கனமான தங்கம் மட்டும் ஓரத்தில் மெல்லிய கோடாக நிற்கும்.

மலையிலிருந்து தாதுவைக் குதிரை முதுகில் கூடை கட்டி இறக்கினார்கள். சுரங்கத்தைச் சிறு சிறு பங்குகளாகப் பல குடும்பங்கள் வைத்திருந்தன. ஏரிகள் ஒரு காலத்தில் நூறைத் தாண்டி இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது ஒரு கை விரல்களை மடக்கி எண்ணி, இன்னும் ஓரிரண்டு சேர்க்கலாம். அதில் இப்போது மீன் பிடிக்கிறார்கள்.

ரோமானியர்கள் எதற்காக வந்தார்கள்?

தங்கத்துக்காகத்தான். பேரரசர் திராஜன் கி.பி. 106இல், இந்த மலைகளும் அடங்கிய தாக்கியா நாட்டைப் பிடித்தார். உடனே பால்கன் பகுதியிலிருந்து, இன்றைய பாஸ்னியா, அல்பேனியா பக்கமிருந்து, சுரங்கத் தொழில் தெரிந்த இல்லிரிய மக்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். ரோமானியர் தாக்கியாவை விட்டு வெளியேறியது 271 வாக்கில். அதுவரையிலான 166 வருடங்களில் இங்கிருந்து சுமார் 500 டன் தங்கம் எடுக்கப்பட்டது என்று யுனெஸ்கோ ஆவணம் சொல்கிறது.

மெழுகுப் பலகைகள் என்கிறார்களே, அவை என்ன?

இந்த ஊரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

1786க்கும் 1855க்கும் நடுவில், பழைய சுரங்கங்களுக்குள் சின்னச் சின்ன மரப்பலகைகள் கிடைத்தன. உள்பக்கம் குழித்து மெழுகு பூசி, எழுத்தாணியால் கீறி எழுதியவை. இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்துக் கட்டி முத்திரையிடுவார்கள். நம் ஓலைச்சுவடியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தோ லத்தீன் கூட்டெழுத்து, வைத்தியர் சீட்டு மாதிரி. 1840கள் வரை அதை யாராலும் சரியாகப் படிக்க முடியவில்லை. பிறகு ஜெர்மன் அறிஞர் மாஸ்மன் வழி கண்டுபிடித்தார். வரலாற்றாசிரியர் தியோடோர் மாம்சன் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். சுமார் இருபத்தைந்து பலகைகள் தெரியவந்தன. எல்லாம் 131க்கும் 167க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை.

அரசர் புகழோ போர்க்கதையோ இவற்றில் இல்லை. எல்லாம் பத்திரம், கடன் சீட்டு, கூலி ஒப்பந்தம்.

139 மார்ச் 17 தேதியிட்ட ஒரு பத்திரம். விற்கப்படுவது பஸ்ஸியா என்ற சிறுமி. வயது ‘ஏறக்குறைய ஆறு’. விலை 205 தினாரி, அதாவது ரோமானிய வெள்ளிக்காசு. அவளிடம் குறை ஏதும் இல்லை, திருட்டுக் குற்றம் இல்லை, ஓடிப்போனவள் இல்லை என்று விற்றவர் உறுதி கொடுக்கிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது அந்த வாசகம்.

159இல் ஒரு பெண், தனக்குச் சொந்தமான பாதி வீட்டை 300 தினாரிக்கு விற்கிறார். ஒரு குழந்தை 205, அரை வீடு 300. கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

164 மே மாதம் ஒரு கூலியாள், நவம்பர் 13 வரை தங்கச் சுரங்கத்தில் வேலை செய்வதாக ஒப்புக்கொள்கிறார். கூலி 70 தினாரியும் சாப்பாடும். சொல்லாமல் வேலையை நிறுத்தினால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை நின்றால், அந்த நாட்களுக்கேற்பக் கூலி கழியும். ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் இன்னொருவர் எழுதிக் கொடுத்ததாக முதலிலேயே குறித்திருக்கிறது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய கைநாட்டு.

எனக்குப் பிடித்தது 167 பிப்ரவரியில் எழுதியது. ஊரில் ஒரு சவ அடக்கச் சங்கம் இருந்தது. மாதச் சந்தா கட்டினால், செத்தால் சங்கம் காரியம் செய்யும். அதன் தலைவர் அறிவிக்கிறார்: இந்தச் சங்கத்தில் 54 பேர் இருந்தோம், இப்போது அல்புர்னுஸில் 17 பேர்தான் மிச்சம். பெட்டியில் காசு இல்லை. கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. இனி யாராவது செத்தால் சங்கம் பணம் கொடுக்கும் என்று நினைக்க வேண்டாம்.

அந்த வருடங்களில் வடக்கிலிருந்து, மார்க்கோமான்னி என்ற ஜெர்மானிய இனத்தாரோடான போர்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பத்திரங்களைச் சுரங்கத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுக்கத் திரும்பி வரவில்லை.

அந்தச் சுரங்கங்களுக்குள் போக முடியுமா?

முடியும். ஒர்லியா மலையின் கீழே, ரோமானியச் சுரங்கத்தில் சுமார் 400 மீட்டர் நீளத்தை 1970களில் பார்வையாளர்களுக்காகத் திறந்தார்கள். அருங்காட்சியக முற்றத்திலிருந்து 150க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஏறி வரும்போதுதான் முட்டி கேள்வி கேட்கும்.

சுரங்கத்தின் வெட்டுமுகம் மேலே குறுகி கீழே அகன்ற சரிவகம். சுவரில் உளித்தடம் அப்படியே இருக்கிறது. விளக்கு வைக்கும் மாடக்குழிகளும் உண்டு. வெடிமருந்து இல்லாத காலம், எனவே சில இடங்களில் பாறையை நெருப்பு மூட்டிச் சுட்டு, திடீரென்று குளிரவைத்து வெடிக்கச் செய்தார்கள். இப்படித் தெரிந்த பண்டைய சுரங்கங்களே மொத்தம் ஏழு கிலோமீட்டருக்கு மேல். பாரு கர்பேன் என்ற இடத்தில், தண்ணீர் இறைக்க வைத்திருந்த மரச்சக்கரங்களின் பாகங்கள்கூடக் கிடைத்தன.

ரோமானியர்களுக்குப் பிறகு?

நடுவில் நீண்ட காலம் மௌனம். இடைக்காலத்தில் ஹங்கேரிய அரசர்கள் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஹாப்ஸ்பர்க் ஆட்சி, மேலே சொன்ன ஏரிகளும் உலக்கை ஆலைகளும். 1918க்குப் பிறகு ருமேனியா.

ஹோரியா கிளர்ச்சிக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு?

அபுசேனி மலைவாசிகளை ‘மோட்சி’ என்பார்கள். 1784இல் ஹோரியா, க்ளோஷ்கா, க்ரிஷான் என்ற மூவர் தலைமையில், நிலப்பிரபுக்களுக்கு எதிராக அந்த விவசாயிகள் எழுந்தார்கள். கலகம் அப்ருத்தையும் ரோஷியாவையும் தொட்டுப் போனது. 1785 பிப்ரவரியில் அல்பா யூலியாவில் ஹோரியாவையும் க்ளோஷ்காவையும் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொன்றார்கள். க்ரிஷான் அதற்கு முன்பே சிறையில் உயிரை விட்டார். 1848-49இலும் இந்த மலைகளில் ருமேனியர்-ஹங்கேரியர் மோதல் கொடூரமாக நடந்தது. தங்கம் விளைகிற மண்ணில் உழைக்கிறவர் ஒரு மொழி, வாங்கிப் போகிறவர் ஒரு மொழி என்று இருந்தால் இதுதான் நடக்கும் போல.

ஊரில் யார் யார் இருக்கிறார்கள்? எத்தனை பேர்?

பெரும்பாலோர் ருமேனியர்கள். சிறு எண்ணிக்கையில் ஹங்கேரியர்களும் ரோமா மக்களும். பழைய கலப்பைத் தெரிந்துகொள்ளக் கோயில் கோபுரங்களைப் பார்த்தால் போதும். ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்கம், ரோமன் கத்தோலிக்கம், கால்வினியம், யூனிட்டேரியன் என்று ஐந்து சபைகளுக்கும் இந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் தேவாலயம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஐந்தும் நிரம்பின.

எண்ணிக்கைக்கு வருவோம். 2002 கணக்கெடுப்பில் 3800க்கு மேல். 2011இல் 2656. 2021இல் இரண்டாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. நாடு முழுவதும் ஜனத்தொகை குறைவது உண்மைதான். 1992இல் 2.28 கோடியாக இருந்த ருமேனியா 2021இல் 1.9 கோடி. இளைஞர்கள் இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என்று போய்விடுகிறார்கள். ஆனால் நாடு முப்பது வருடத்தில் ஆறில் ஒரு பங்கை இழந்தது. இந்த ஊர் இருபதே வருடத்தில் பாதியை நெருங்கிவிட்டது. அதை வெறும் வெளிநாட்டு மோகம் என்று தள்ளிவிட முடியாது. வீடுகளை விலைக்கு வாங்கிக் காலி செய்த கதை அடுத்து வருகிறது.

54 பேரில் 17 என்று எழுதியவரின் கணக்கும் இந்தக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை.

கம்யூனிஸ்ட் காலத்தில் என்ன நடந்தது?

1948 ஜூனில் சுரங்கங்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கப் பங்கு வைத்திருந்த குடும்பங்கள் ஒரே நாளில் கூலியாட்கள் ஆயின. உலக்கை ஆலைகள் போயின. 1970 வாக்கில் சேதாதே மலையில் திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கினார்கள். அதுவரை மலை உச்சியில் ரோமானியர் குடைந்த பிரம்மாண்டமான குகைக்கூடங்கள் இருந்தன. வெடி வைத்ததில் அவை போய்விட்டன. இன்று சேதாதே ஒரு மலையே இல்லை, மஞ்சளும் சாம்பலுமாகப் படிக்கட்டு வெட்டிய பள்ளம்.

அரசுச் சுரங்கம் 2006இல் மூடப்பட்டது. மானியத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப் போகும் நேரத்தில் அதைத் தொடர முடியவில்லை.

கனடா கம்பெனியின் திட்டம் என்ன?

கேப்ரியேல் ரிசோர்சஸ் என்ற கனடிய நிறுவனம், ருமேனிய அரசு நிறுவனத்தோடு கூட்டு வைத்துக்கொண்டு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கூட்டில் கம்பெனிக்கு சுமார் 80 சதம், அரசுக்கு 19 சதத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு மலைகளையும் வெட்டி எடுப்பது. சுமார் 314 டன் தங்கம், 1480 டன் வெள்ளி. ஐரோப்பாவிலேயே மிகப்பெரிய திறந்தவெளித் தங்கச் சுரங்கமாக இருந்திருக்கும்.

பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். வருடத்துக்குச் சுமார் 12,000 டன் சயனைடு தேவை. மிச்சமாகும் சேற்றைத் தேக்க, பக்கத்திலுள்ள கோர்னா பள்ளத்தாக்கில் 185 மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை. அந்தப் பள்ளத்தாக்கில் கோர்னா என்ற ஊர் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. திட்டப்படி எல்லாம் இடம் மாற வேண்டும்.

2002இலிருந்து கம்பெனி வீடுகளை வாங்க ஆரம்பித்தது. விலை நன்றாகவே கொடுத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அல்பா யூலியாவில் ரெச்சா என்ற இடத்தில் போகிறவர்களுக்காகப் புதுக் குடியிருப்பும் கட்டிக் கொடுத்தார்கள். அதே காலத்தில் ஊரின் பெரும்பகுதி சுரங்கத் தொழிலுக்கான பகுதி என்று நிலவரைபடத்தில் வகைப்படுத்தப்பட்டதால், வேறு தொழில் தொடங்க நினைத்தவருக்கு அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு ஆனது. வாங்கிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. கூரையில் ஓடு சரிந்தால் மாற்ற ஆள் இல்லை.

எல்லோரும் எதிர்த்தார்களா?

இல்லை. இதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பரம்பரையாகச் சுரங்கத் தொழிலைத் தவிர வேறு தெரியாத ஊர். 2006க்குப் பிறகு வேலையும் இல்லை. வேலை தருகிறேன் என்று வந்தவரை வரவேற்றவர்கள் ஊரில் நிறையப் பேர். இன்னொரு பக்கம், 2000இலேயே உள்ளூர்க்காரர்கள் சிலர் ‘அல்புர்னுஸ் மையோர்’ என்று சங்கம் வைத்து, வீட்டையும் நிலத்தையும் விற்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். விற்காதவர் நிலம் நடுவில் இருந்தால் சுரங்கம் தோண்ட முடியாது, அதுதான் அவர்கள் பலம். அண்ணன் விற்றுவிட்டார், தம்பி விற்கவில்லை என்கிற மாதிரிப் பிளவு வீட்டுக்குள்ளேயே வந்தது. புக்கரெஸ்டில் கோஷம் போட்டவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார், இவர்கள் ஒருவரையொருவர் தினமும் அதே கடையில் பார்த்தாக வேண்டும்.

சயனைடுக்கு ஏன் அவ்வளவு பயம்?

2000 ஜனவரி 30. ருமேனியாவின் வடக்கில் பாயா மாரே நகருக்குப் பக்கத்தில், இதே மாதிரிச் சயனைடுச் சேறு தேக்கிய கரை உடைந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் கனமீட்டர் விஷநீர் ஆற்றில் கலந்து, திஸாவுக்குப் போய், ஹங்கேரியில் டன் கணக்கில் மீன்களைக் கொன்று, டான்யூப் வரை சென்றது. அது வேறு கம்பெனி, வேறு ஊர். ஆனால் மேலே சொன்ன ஆற்று வரிசையைப் பாருங்கள்: ரோஷியா ஓடையும் கடைசியில் அதே திஸாவுக்குத்தான் போகிறது. ஹங்கேரி இந்தத் திட்டத்தை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தது அதனால்தான்.

2013 போராட்டம் எப்படித் தொடங்கியது?

அந்த ஆகஸ்ட் கடைசியில், இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு தனிச் சட்ட மசோதாவை அரசு நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. செப்டம்பர் 1, ஞாயிறு, புக்கரெஸ்டிலும், திரான்சில்வேனியாவின் பெரிய நகரமான க்ளூஜிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தலைவர் என்று யாரும் இல்லை. கட்சிக் கொடியும் இல்லை. ஞாயிறுக்கு ஞாயிறு கூட்டம் பெருகி, சில வாரங்களில் ஆயிரங்களைத் தாண்டியது.

ஒரு சின்ன விஷயம்: மேளத்துக்குப் பதிலாகக் காலி பிளாஸ்டிக் பாட்டிலில் கூழாங்கல் போட்டு எடுத்து வந்தார்கள். அதைச் சாலையில் தட்டிக்கொண்டே நடந்தால் ஒரு சத்தம் வரும், கேட்டவர்களுக்கு மறக்காது. சட்டம் போடுவது கம்பெனி அல்ல என்பது முக்கிய கோஷம், ருமேனிய மொழியில் அது எதுகையோடு விழும். 1990களுக்குப் பிறகு அந்த நாடு கண்ட மிகப்பெரிய மக்கள் இயக்கங்களில் ஒன்று அது. நவம்பரில் செனட் மசோதாவை நிராகரித்தது. 2014 ஜூனில் கீழவையும் நிராகரித்தது.

யுனெஸ்கோ பட்டியலில் எப்போது சேர்ந்தது?

2021 ஜூலை 27. சேர்த்த அன்றே ‘ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்கள்’ பட்டியலிலும் போட்டார்கள். பெயர் வைத்த அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்த மாதிரி. அதற்கு முன் 2018இலேயே சேர்ந்திருக்க வேண்டியது. கம்பெனியோடு வழக்கு நடந்துகொண்டிருந்ததால் ருமேனிய அரசே கொஞ்சம் பொறுங்கள் என்று தள்ளிப்போட்டது.

வழக்கு என்ன ஆனது?

கம்பெனி 2015இல் உலக வங்கியின் கீழ் இயங்கும் முதலீட்டுத் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போனது. கேட்ட நஷ்டஈடு பல நூறு கோடி டாலர். 2024 மார்ச் 8 அன்று தீர்ப்பு ருமேனியா பக்கம் வந்தது. கம்பெனிதான் வழக்குச் செலவைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஏரியில் மூழ்கிய தேவாலயக் கோபுரம் இந்த ஊர்தானே?

இல்லை. வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் அந்தப் படம் ஜேமனா என்ற ஊர். பக்கத்து லுப்ஷா கொமூனாவைச் சேர்ந்தது. 1970களின் கடைசியில் ரோஷியா பொயேன் தாமிரச் சுரங்கத்தின் கழிவைத் தேக்க, அந்த ஊரையே காலி செய்து மூழ்கவிட்டார்கள். பெயரிலும் ‘ரோஷியா’ இருப்பதால் வரும் குழப்பம். ஆனால் கோர்னாக்காரர்களுக்கு இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜேமனாவைப் பார்த்துக்கொண்டுதான் கம்பெனியின் அணை வரைபடத்தை அவர்கள் படித்தார்கள்.

சுரங்கத்தைச் சுற்றி நம்பிக்கைகள் உண்டா?

இல்லாமலா? சுரங்கத்துக்குக் காவலாக ‘வல்வா’ என்ற ஆவி இருக்கிறது என்பார்கள். பிடித்தவருக்குத் தங்க இழை காட்டும், கெட்டவார்த்தை பேசுகிறவரை வழி தவறவிடும். ராத்திரியில் அடுத்தவர் சுரங்கத்தில் புகுந்து திருடுகிறவருக்குத் தனிப்பெயரே உண்டு: ஹோலோஆங்கர். கொஞ்சம் வசவாகவும் கொஞ்சம் வியப்பாகவும் சொல்லப்படும் சொல். கும்மிருட்டில் தப்பான சந்தில் திரும்பினால் உயிர் போய்விடும் என்பதால் அந்த வியப்பு.

சாப்பாடு?

மக்காச்சோள மாவுக்களிதான் அடிப்படை. விசேஷத்துக்கு பல்மோஷ்: அதே மாவைத் தண்ணீருக்குப் பதில் பாலாடையில் கிண்டி, ஆட்டுப்பால் சீஸ் சேர்ப்பது. கரண்டியிலிருந்து வெண்ணெய் பிரிந்து வரும்வரை கிண்ட வேண்டும். அல்வா கிண்டிய கைகளுக்கு அந்த வலி தெரியும்.

இன்னும் தங்கம் இருக்கிறதா?

இருக்கிறது. அந்த 314 டன் அப்படியே மலைக்குள்தான் கிடக்கிறது. ஆனால் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக ஒன்றரை கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பவுன் எடுக்க ஐந்தரை டன் பாறையை உடைத்து மாவாக்க வேண்டும். ஒரு லாரி லோடு மலை, ஒரு பவுன். சயனைடு இல்லாமல் லாபம் பார்க்க முடியாது என்பதும், நான்கு மலைகள் போய்விடும் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இப்போது ஊரில் என்ன செய்து பிழைக்கிறார்கள்?

மாடு, உலர்புல், ஓய்வூதியம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம். சில வீடுகளில் விருந்தினர் அறை. 2012இலிருந்து ‘ஒரு வீட்டைத் தத்தெடு’ என்ற இயக்கத்தின் கீழ், கோடையில் கட்டடக்கலை மாணவர்களும் தச்சர்களும் வந்து பழைய வீடுகளின் சுவரையும் கூரையையும் பழைய முறையிலேயே பழுது பார்க்கிறார்கள். ‘மேட் இன் ரோஷியா மொன்டானா’ என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் மெரினோ கம்பளியில் காலுறையும் ஸ்வெட்டரும் கையால் பின்னி இணையத்தில் விற்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே பின்னலாம், குளிர்காலத்துக்குத் தோதான வேலை.

எப்போது போகலாம்?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஜூலையில் போனால் மாட்டுக்குப் புல் அறுத்து உலர்த்தும் காலம், ஊரே சரிவுகளில் இருக்கும். எந்த மாதம் போனாலும் சுரங்கத்துக்குள் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க மறந்தால் அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.